மாப்பிள்ளை வீட்டுக்கு மூன்று பதில்கள்

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் கேள்வி வந்து அரைமணி நேரமாகிவிட்டது. 'நாங்கள் ஹேப்பி. நீங்கள் ஹேப்பியா?'

சின்னப்பையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். நேற்றுத்தான் மணலி புதுநகரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். "துறைமுகத்துல முப்பது வருசம் கப்பல் கேப்டன்களோட பேசினவன் நான். எதுவானாலும் இங்கிலீஷ்லயே எழுதுங்க" என்று இவர்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். அந்த முப்பது வருடமும் பேசியது 'குட்மார்னிங்' மட்டும்தான் என்பதைச் சொல்லவில்லை.

உள்ளே மகள் எழில்மொழி இருந்தாள். இங்கிலீஷில் எம்.ஏ. ஆனால் கல்யாணப் பேச்சைக் கல்யாணப் பெண்ணிடமே காட்டி அர்த்தம் கேட்பது குடும்பத்துக்கு அழகா?

ஹேப்பி என்பது பிறந்தநாள் கேக்கில் எழுதுகிற சொல். கனமாக இருக்கட்டும் என்று 'சாட்டிஸ்ஃபைட்' என்று அனுப்பிவிட்டு, பக்கத்து ஜெராக்ஸ் கடை ரஷீதிடம் பெருமையாகக் காட்டினார்.

"இன்னா நைனா இப்டி பண்ட்டே!" ரஷீது தலையில் கைவைத்தான். "இது கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண வர்றவனுக்குச் சொல்றது. வேலை பரவால்லன்னு அர்த்தம். மாப்ள இன்னா அடுப்பா?"

சின்னப்பையனுக்குக் காது சுட்டது. "அழிச்சிட்லாமா?"

"நீலக் கோடு உய்ந்துட்சி. படிச்சிட்டாங்க."

"அப்ப மனசு நெறஞ்சி போச்சின்னு ஒண்ணு அனுப்பு."

ரஷீது போனில் தேடி 'கன்டென்ட்' என்று அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் விளக்கத்தை முழுதாகப் படித்தான். இருப்பதே போதும், இனி வேறெதுவும் தேவையில்லை என்கிற நிறைவாம்.

"அப்ப மாப்ளையே தேவையில்லன்னா சொல்லிட்டோம்?"

"அப்டித்தான் வருது நைனா. பேஜாராப் பூட்ச்சி."

போனைப் பிடுங்கிக்கொண்டார். மூன்றாவது சொல்லைத் தானே தேர்ந்தெடுத்து அனுப்பினார். 'ரிலீவ்ட்'. துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து மாற்று ஆள் வந்ததும் ரிஜிஸ்டரில் எழுதுகிற சொல். அதைவிட இனிமையான இங்கிலீஷ் சொல் அவருக்குத் தெரியாது.

ரஷீது எட்டிப் பார்த்துப் படித்தான்.

"நைனா, பொண்ணு ஒயிஞ்சா போதும்ன்ற மாறி கீது."

நீலக் கோடுகள் விழுந்தன. மத்தியானம் வரை பதில் இல்லை.

சின்னப்பையன் சோறு தின்னவில்லை. மகள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரேஷன் கடைக்குப் போவதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி பாட்டில் எத்துக்கினு போப்பா. தூரமாச்சே" என்றாள் எழில்மொழி.

ரேஷன் கடை தெருமுனையில் இருந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை.

மணலி புதுநகரில் கதவைத் திறந்தவள் மாப்பிள்ளையின் தாய் பூவம்மா. உள்ளே சேமியா வறுபடும் வாசனை. சின்னப்பையன் உட்காரவில்லை. யாரிடமும் குனிந்தறியாத தலை தானாகக் குனிந்தது. கைகூப்பினார்.

"அம்மா, நான் அனுப்புனதெல்லாம் தப்பு. மன்னிச்சிடுங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எம்பொண்ணு எனக்குப் பாரமில்லம்மா. அது காதுல மட்டும் இது உயக்கூடாது."

பூவம்மா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இன்னா சம்பந்தி நீங்க! பாயசத்தோட நேர்ல வர்லாம்னுதான் பதில் போடல. பையன் ஷிஃப்ட்டுக்குப் பூட்டான், எங்க வூட்ல வேற யாருக்கு இங்கிலீஷு தெரியும்? காலைல உங்களுக்கு எழுதிக் குட்த்ததே எழில்மொழிதான். நீங்க அனுப்புனதையும் அதுக்கே அனுப்பி அர்த்தம் கேட்டோம். மூணுக்கும் 'அப்பா ரொம்ப சந்தோஷமா கீறாரு'ன்னுதான் சொல்லிச்சி!"