முதலில் அடித்தது

பொய் சொல்ல மனிதனுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். திருப்பூரில் எங்கள் சித்தப்பாவின் பனியன் கம்பெனிக்கு அந்த அவகாசத்தை இல்லாமல் செய்த புண்ணியவான் நான்தான்.

பிராட்பேண்ட் வந்த புதிது. அந்தக் காலத்து இணையப் பக்கம் நாமாகக் கேட்டால்தான் வாய் திறக்கும். கிரிக்கெட் ஸ்கோர் தெரிய ரெஃப்ரெஷ் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஒரு தந்திரம் வந்தது. ‘புதுசு ஏதாவது உண்டா?’ என்று பக்கமே சர்வரிடம் கேட்கும். சர்வரும் உடனே இல்லையென்று விரட்டாமல், ஏதாவது நடக்கும்வரை கேள்வியைப் பிடித்து வைத்திருந்து, நடந்த நொடியில் பதில் சொல்லும். ரியல் டைம் என்றார்கள். எம்.சி.ஏ. முடித்திருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. (படித்த திமிர் வேறு.)

அப்போது சித்தப்பாவின் ஒரே கவலை, டென்மார்க்கிலிருந்து குழந்தைகள் டி-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்த இங்கா என்ற அம்மையார். ஏஜென்ட் இல்லாமல் நேராக வந்த முதல் ஆர்டர் அது. சாம்பிளே தாமதமாகப் போனதில், இனியும் ஏமாற்றினால் அடுத்த சீசன் கிடையாது என்று சொல்லியிருந்தார். அது போனால் இருக்கும் இரண்டு தையல் லைனில் ஒன்றை மூட வேண்டியதுதான்.

எங்கள் ஆபீசில் மெயில் எழுத ஒரு முறை உண்டு. “முதல்ல உள்ளத அடி கண்ணு, அப்பறம் அழகு பண்ணிக்கலாம்” என்பார் சித்தப்பா. உண்மை எதுவென்று தனக்கே மறந்துவிடக் கூடாதாம். நான் உண்மையை அடிப்பேன். அவர் பெருமூச்சு விடுவார். அதை அழித்துவிட்டு, பேக்கிங் நடக்கிறது என்று அடித்து அனுப்புவேன்.

இங்காவுடன் பேச நானே ஒரு பக்கம் செய்தேன். அனுப்பும் பட்டனே கிடையாது. அங்கே ஓர் எழுத்து அடித்தால் அந்தக் கணமே இங்கே முளைக்கும். முதல் நாள் குட்மார்னிங்கின் முதல் எழுத்து வந்ததும் சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், சரக்கு தயாரா என்று இங்கா கேட்டார். சித்தப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, பழக்கதோஷத்தில் உள்ளதையே முதலில் ஆங்கிலத்தில் அடித்தேன். துணியே இன்னும் சாயப்பட்டறையில் கிடக்கிறது. வெளிர் மஞ்சள் கேட்டதற்கு மாம்பழக் கலரில் போட்டுவிட்டார்கள். திரும்பச் சாயம் போட ஒரு வாரமாவது ஆகும்.

“அந்தம்மாவ நெனச்சாலே பயமா இருக்குதுன்னும் அடி” என்றார். அதையும் அடித்தேன்.

பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எண்பது சதவீதம் பேக்கிங் முடிந்தது என்று போட்டேன். எண்பதை நம்ப மாட்டார், எழுபதாக்கு என்றார். ஆக்கினேன். (பக்கத்தை எழுதியவனே நான். அடிப்பது அங்கே தெரியுமென்றால் அழிப்பதும் தெரியும் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை.)

இங்கா அடிக்க ஆரம்பித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

“நீங்கள் முதலில் அடித்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னை நினைத்துப் பயப்பட வேண்டாம்.”

சித்தப்பா மெதுவாக உட்கார்ந்தார். “இத்தன நேரமும் பாத்துட்டேவா இருந்துச்சு?”

“ஆமாங் சித்தப்பா. அதுதானுங்க ரியல் டைம்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டு டீ சொல்லிவிட்டு, சாயப்பட்டறைக்குப் போன் போட்டார். சரக்கு சொன்ன வாரத்தில் போனது. அடுத்த சீசனும் இங்கா வந்தார். இரண்டு லைனும் ஓடின.

மானம் போனது போனதுதான். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், கம்பெனி மாப்பிள்ளையுடையதா என்று பெண்ணின் அப்பா கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பார்ட்னர் மாதிரி என்று இழுத்தேன். சபை நடுவே சித்தப்பா, “முதல்ல அடிச்சதச் சொல்லு கண்ணு” என்றார். சம்பளத்துக்குத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அதென்ன ‘முதல்ல அடிச்சது’ என்று விளக்கமும் கேட்டார்கள். முழுக் கதையையும் சித்தப்பாவே சொன்னார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்புக்காரிதான் இன்று என் மனைவி. நேற்று வீட்டுக்குப் பிந்தி வந்து, அவிநாசி ரோட்டில் ஒரே டிராஃபிக் என்றேன். கரண்டியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, முதல்ல அடிச்சது என்னங்க?”

போண்டா சாப்பிட்டுவிட்டு வந்ததைச் சொல்லிவிட்டேன்.