செவப்பைத் துரத்திய அண்ணாச்சி

மும்பையில் பொருளாதாரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது. இன்னொருவர் தாராவியில் எங்கள் எதிர்வீட்டு 'செவப்பு' அண்ணாச்சி.

ஆப் டாக்ஸி ஓட்டினார். ஓர் ஏரியாவில் கூப்பிடும் ஆள் கூடி வண்டி குறைந்தால், டிரைவர் போன் மேப்பில் அந்த இடம் சிவக்கும், ரேட்டும் ஏறும். அந்தச் சிவப்பைத் துரத்துவதுதான் அண்ணாச்சியின் வாழ்க்கை. தேவ்நார் சிவந்தால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். இதே நினைப்போடு நூறு வண்டி அங்கே வந்து நிற்கும்.

"போய்ச் சேரதுக்குள்ள வெளுத்துட்டு தம்பி. வண்டி கூடிப்போச்சுல்லா, பெறவு எவன் ரேட்டு தருவான்?" என்பார், அடுத்த சிவப்பைத் தேடிக்கொண்டே.

ஒருநாள் டீக்கடையில் பன்னிரண்டு டிரைவர்களைக் கூட்டினார். "செவப்பத் தேடி நாம ஏம்வே ஓடணும்? சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசல்ல எல்லாரும் கால்மணி நேரம் ஆப்ப அமத்துங்க. ரேட்டு தன்னால ஏறும்."

அணைத்தார்கள். பயணி மாதிரி என் போனில் ரேட் பார்த்துச் சொல்வது என் வேலை. ஏறியது, இன்னும் ஏறியது. பத்தாவது நிமிஷம் ஒரு வண்டிக்குள் 'டிங்' என்று சவாரி விழுந்த சத்தம். பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அண்ணாச்சி, நீங்களா!"

"கை அரிச்சிட்டுவே!" என்றபடி வண்டியைக் கிளப்பிவிட்டார். அடுத்த நொடி பன்னிரண்டு பேரும் ஆன் செய்ய, ரேட் பொத்தென்று விழுந்தது.

பிறகு ஒருநாள் பெருமழை. ரயில் ஓடவில்லை, மேப் முழுக்கச் சிவப்பு. அன்று மத்தியானம் நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு வலி கண்டது. மூன்று மடங்கு ரேட்டுக்கும் ஒரு வண்டி கிடைக்கவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"செவப்பு மேலேயே நிக்கேன் தம்பி," என்று வைத்துவிட்டார். வாயில் வந்தபடி திட்டினேன். திட்டி முடிக்கும் முன்னே வாசலில் ஹாரன்.

வழியில் சயானில் முழங்கால் அளவு தண்ணீர். அணைத்துவைத்த ஆப்பை நோக்கி அவர் கை போய்ப் போய் வந்தது. கடைசியில் ஸ்டாண்டிலிருந்து போனைப் பிடுங்கி என் மனைவியிடம் நீட்டினார்.

"தாயி, இத வச்சிக்கிடுங்க. நானே கேட்டாலும் குடுத்துராதிய."

வலியிலும் அவள் சிரித்துவிட்டாள்.

செம்பூர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்ட்ரெச்சரோடு ஓட, கவுண்டரில் ஃபாரம் எழுதிக் கொடுத்தவர் அண்ணாச்சி. பெண் குழந்தை பிறந்தபின்தான் அந்த ஃபாரத்தைப் பார்த்தேன். கூட வந்தவர் என்ன உறவு என்ற இடத்தில், கோணல் இந்தி எழுத்தில், 'அண்ணன்' என்று எழுதியிருந்தார்.

நான் அதைத் திருத்தவில்லை.