இரும்புச் சத்துத் தண்ணீர்

செங்கல்வராயன் அன்று ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் குழாய் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மற்ற எல்லா விஷயத்திலும் மனைவி கஸ்தூரி வைத்ததே சட்டமாகி வெகுநாளாகிவிட்டது. மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

கோவில்பதாகையில் தெருவுக்கு நாலு பேர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த வருஷம் அது. கிருமியை விளக்கு வெளிச்சத்தாலேயே கொல்லும் தண்ணீர் மெஷின் வாங்கப் புருஷனும் பெண்டாட்டியும் பூந்தமல்லி போனார்கள்.

"வெளக்குக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் பைப்பு ஆகாது சார். வெளிச்சமே அதை அரிச்சிடும்," என்று ஆரம்பித்தார் கடைக்காரர். செங்கல்வராயனுக்கு அது போதும். பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார். கஸ்தூரி உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டுவிட்டு, மெஷினையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, மெஷினாண்ட ஒரு முழத்துக்கு மட்டும் ஸ்டீலு போதுமாம். மத்ததுக்கெல்லாம் பி.வி.சி. தான் போடணுமாம்."

"பேக்டரில லேத்து ஓட்டுறவன் நானு. தெனம் இரும்பக் கடையறேன். எனக்கே பைப்பு சொல்லிக் குடுக்கிறியா?"

"இரும்பு துரு உடும் மாமா. துரு போயி வெளக்குக் கண்ணாடில படிஞ்சிச்சினா வெளிச்சம் எப்டி தண்ணிக்குப் போவும்?"

"ஊடு முழுக்க இரும்புதான்."

"செரி," என்றாள் கஸ்தூரி. அவள் 'செரி' என்றால் புருஷன் கவலைப்பட வேண்டும். இவர் சந்தோஷப்பட்டார்.

மொட்டை மாடியில் வெயிலும் மழையும் தின்றுகொண்டிருந்த பழைய இரும்புக் குழாய்களை இறக்கி, பிளம்பர் வீராசாமியை விட்டுப் பொருத்தினார். முதல் சொம்பு செம்மண் குட்டை போல வந்தது.

"இன்னா மாமா, இப்டி கீது?"

"இரும்புச் சத்து. டாக்டருங்க மாத்திரையில குடுக்கிறத நான் பைப்புல குடுக்கிறேன்."

"அப்ப மொதல்ல நீ குடி. குடும்பத் தலைவன் இல்ல?"

குடித்தார். சைக்கிள் செயினை நக்கியது போலிருந்தது. "ஜோரா கீது," என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கஸ்தூரி சொம்போடு வாசலில் நின்றாள். தானே மொண்டு குடிக்கும் வழக்கம் கல்யாணமானதிலிருந்து அவருக்குக் கிடையாது. நீட்டியதை வாங்கினார், கண்ணை மூடினார், விழுங்கினார். பல் கறுத்தது. வயிறு பட்டறை போலச் சத்தம் போட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பிள்ளைகளும் இந்தக் கண்றாவியைத்தானே குடிக்கின்றன என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கடையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? பஸ்தான் போயிருக்கும். அடுத்த பஸ் வந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கஸ்தூரி, நீ சொன்னதுதான் செரி. நான் பாதியில எழுந்துகினு வந்தது தப்பு. புள்ளைங்க பாவம். பைப்ப மாத்திடலாம்."

கஸ்தூரி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது மாத்தி எவ்ளோ நாளாச்சு மாமா. நீ டூட்டிக்குப் போயிருந்தப்ப வீராசாமி அண்ணன் வந்து எல்லாத்தையும் பி.வி.சி. ஆக்கிட்டாரு. இரும்புன்னு நீ நம்பணுமேன்னு மேல பெயிண்டும் அடிச்சிட்டுப் போனாரு. புள்ளைங்க நல்ல தண்ணிதான் குடிக்குதுங்க."

"அப்ப நான் குடிக்கிறது?"

"உன் மரியாதை கொறையக் கூடாதுன்னு, உன் சொம்புல மட்டும் நாலு துருப்புடிச்ச ஆணிய ஊறப்போட்டுக் குடுத்துகினு கீறேன்."