சடையப்பன் கரடி தடம் சமன் செய்த கதை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. சிங்கராஜா எங்கே என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. இருந்திருந்தாலும் அதற்கும் இந்தக் காலத்தில் பெண் கிடைத்திருக்காது. கரடியின் பெயர் சடையப்பன். சொந்தமாக ஒரு டிராக்டர், வற்றாத கிணறு, பாறை இடுக்குகளில் நாற்பது தேன்கூடு, தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிய குகை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வயது முப்பத்தாறு முடிந்துவிட்டது, கல்யாணம் மட்டும் ஆகவில்லை.

காரணம் ஜாதகம் இல்லை, தடம். தார் ரோட்டிலிருந்து குகை வாசலுக்கு முக்கால் கிலோமீட்டர் கிராவல் தடம். மழைத் தண்ணீர் நடுவிலேயே ஓடி ஓடி, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு, இடையில் ஆள் படுக்கிற அளவுக்குக் குழி. போன சித்திரையில் ஒரு சம்பந்தம் ஜீப்பில் வந்தது. இரண்டாவது திருப்பத்தில் பெண்ணின் மாமாவுக்குத் தலை கூரையில் இடித்தது. மூன்றாவது திருப்பத்தில் அவருடைய பல்செட் எகிறி வெளியே விழுந்தது. அரை மணி நேரம் எல்லோரும் குனிந்து பல்லைத் தேடினார்கள். கிடைத்ததும் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார்கள். சடையப்பன் சுட்டு வைத்திருந்த பஜ்ஜியை அவனே மூன்று நாள் தின்றான்.

இப்போது தரகர் செம்போத்து இன்னொரு இடம் கொண்டுவந்திருந்தார். மேமலை ராக்கியண்ணன் மகள் பாவாத்தா. நல்ல குடும்பம், பெரிய குடும்பம். ஆனால் முதலில் செல்போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். பதினோராவது கேள்வி: 'வீட்டுக்கு வரும் வழி: தார், சிமெண்ட், கிராவல், இதர.' சடையப்பன் கிராவலைத் தொட்டான். உடனே கீழே இன்னொரு கட்டம் திறந்தது: 'கிராவல் எனில் தற்போதைய படம் இணைக்கவும்.' இணைத்தான். 'இது வழியின் படம் அல்ல. சரியான படத்தை இணைக்கவும்' என்று படிவம் திருப்பி அனுப்பிவிட்டது. நான்கு பக்கமிருந்தும் எடுத்துப் பார்த்தான், நான்கையும் திருப்பியது.

தரகர் பார்த்தார். பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால், பதினான்கு பேர், வீடு பார்க்க வருகிறார்கள், அதற்குள் தடத்தை ஒழுங்கு பண்ணு, இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார். அன்றைக்கு ஞாயிறு. மாதம் ஐப்பசி.

டிராக்டர் இருந்தாலும் அதன் பின்னால் மாட்ட டிரெய்லரைத் தவிர சடையப்பனிடம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் மூன்று பேரிடம் மூன்று சாமான் இருந்தது. காட்டுப்பன்றி மாமாவிடம் பல் வைத்த பெட்டி பிளேடு; பல் கிளறும், பெட்டி மண்ணை வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டும். முள்ளம்பன்றி அக்காவிடம் டிராக்டர் அகலத்துக்கு ஒரு பெரிய வாரி, கல்லைத் தனியாக, மண்ணைத் தனியாகப் பிரிக்கும். எருமைப் பெரியப்பாவிடம் சாய்த்துத் திருப்புகிற ஒற்றை பிளேடு, எதுவாக இருந்தாலும் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

சடையப்பன் ஒன்றும் மக்கு இல்லை. செல்போனில் எட்டு வீடியோ பார்த்துவிட்டான். பெட்டி பிளேடை மட்டும் வாங்கி, பல்லை மேலே தூக்கி வைத்து, லேசாக இழுத்து, தடத்தின் நடுவை முதுகு மாதிரி உயர்த்திவிட்டால் தண்ணீர் இரண்டு பக்கச் சாக்கடைக்கும் ஓடிவிடும். ஒரே நாள் வேலை. இது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதை அவன் செய்திருந்தால் எனக்கு இங்கே சொல்ல எதுவும் இருந்திருக்காது.

செய்ய முடியவில்லை, ஏனென்றால் விசாரிப்பு. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் அல்லவா? நூறு பேர் நல்லவன் என்று சொன்னாலும், ஒருத்தர் "ம்ம்... பையன் தங்கந்தான்..." என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அதோடு தீர்ந்தது. அந்தத் தடத்தில் விசாரிக்க இருப்பவர்களே இந்த மூன்று பேர்தான். ஒருத்தர் பிளேடை வாங்கி இன்னொருத்தருடையதை வேண்டாம் என்றால் அவர் முகம் கோணும், முகம் கோணினால் வாய் கோணும். சடையப்பன் நாலையும் யோசித்துப் பார்த்து, மூன்றையும் வாங்கி மூன்றையும் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தான்.

திங்கட்கிழமை காட்டுப்பன்றி மாமா தானே வந்து நின்றார். பல்லைத் தூக்கி வைக்கலாமா என்று சடையப்பன் பயந்து பயந்து கேட்டதற்கு, பல்லைத் தூக்கிவிட்டால் அப்புறம் அது எதற்கு என்று கோபித்துக்கொண்டார். முழங்கை ஆழத்துக்குக் கிளறச் சொன்னார். முக்கால் கிலோமீட்டரும் கிழங்குக் காடு மாதிரி ஆகிவிட்டது. மாமா மோந்து பார்த்துத் திருப்தியாகப் போனார்.

செவ்வாய்க்கிழமை முள்ளம்பன்றி அக்கா. கிளறிப் போட்ட தடத்தில் வாரியை இழுக்க இழுக்க, கல் அத்தனையும் மேலே வந்து ஓரத்துக்கு ஒரு வரிசையாகச் சேர்ந்தது. அக்கா வரிசை கோணாமல் இருக்க வேண்டும் என்று ஏழு தடவை இழுக்க வைத்தாள். எண்ணெய் தேய்த்து வகிடெடுத்த தலைபோல இருக்கிறது என்று அவளே சொல்லி அவளே மகிழ்ந்தாள். தடத்தில் ஒரு கல் மிச்சமில்லை.

புதன்கிழமை எருமைப் பெரியப்பா வந்தார். அவருக்கு ஓரத்தில் எது கிடந்தாலும் பிடிக்காது. கல் வரிசை முழுவதையும் பிளேடால் தள்ளிச் சாக்கடைக்குள் போட்டு மூடிவிட்டார். இரண்டு பக்கமும்தான். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கினார்.

கல் இல்லை, சாக்கடை இல்லை, முதுகு இல்லை. ஆனால் பார்க்க என்ன அழகு என்கிறீர்கள்! சலித்து வைத்த மாவு மாதிரி செம்மண் முக்கால் கிலோமீட்டருக்கு வழவழவென்று கிடந்தது. படம் எடுத்து அனுப்பினான். படிவம் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. சடையப்பன் சந்தோஷத்தில் டிராக்டர் சீட்டிலேயே கொஞ்ச நேரம் அழுதான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு இரண்டு ஜீப்பில் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். யாருக்கும் தலை இடிக்கவில்லை, பல் விழவில்லை. வழியிலேயே விசாரிப்பும் ஆகிவிட்டது. மூன்று பேரும் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு நிமிடமும் தங்கள் பிளேடைப் பற்றி அரை மணி நேரமும் சொல்லியிருந்தார்கள். இழுப்பு எங்கேயும் இல்லை. பாவாத்தாவும் வந்திருந்தாள். தான் வாழப்போகிற வீட்டைத் தான் பார்க்காமல் யார் பார்ப்பது என்று கேட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாளாம்.

பஜ்ஜி போட்டார்கள், தேன் ஊற்றினார்கள். வெளியே மழை பிடித்தது. பெரிய அத்தை சமையலறை வடக்கே பார்க்கிறது என்றாள். சின்ன மாமா டைல்ஸைத் தட்டிப் பார்த்து உள்ளே ஓட்டை என்றார். மழை இன்னும் வலுத்தது. கடைசியில் ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஊட்டுக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க."

இதைச் சொல்லிவிட்டுப் போன எவரும் உலகத்தில் இதுவரை கலந்து பேசியதும் இல்லை, சொன்னதும் இல்லை. சடையப்பனுக்கு அது நன்றாகத் தெரியும். கும்பிட்டபடி வாசல் வரைக்கும் வந்தான்.

முதல் ஜீப் பத்தடி போய்க் கதவு வரைக்கும் சேற்றில் இறங்கியது. இரண்டாவது அதைத் தள்ளப் போய் அதன் பக்கத்திலேயே இறங்கியது. சடையப்பன் டிராக்டரை எடுத்து வந்து கயிறு கட்டி இழுத்தான், டிராக்டர் சீட்டு வரைக்கும் இறங்கியது. தார் ரோட்டுப் பக்கம் மூன்று பேரும் வந்து நின்று, இதை எடுக்கப் பெட்டி பிளேடா, வாரியா, ஒற்றை பிளேடா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். மழை நின்றபாடில்லை. பதினான்கு பேரும் காலைக் கழுவிக்கொண்டு குகைக்குள் திரும்பினார்கள்.

நான்கு நாள் போயிற்று. நாற்பது தேன்கூட்டில் பதினாறு மிச்சம். பெரிய அத்தை சமையலறையைக் கிழக்கே திருப்பிவிட்டாள். சின்ன மாமா டைல்ஸில் ஆறைப் பெயர்த்துவிட்டார். ஒரு சித்தப்பா சடையப்பனின் செல்போனை வாங்கி அவன் தேடிய வீடியோ அத்தனையையும் சத்தமாக எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். யாருக்கு யார் சொன்னது பிடிக்கவில்லை என்று தினமும் இரண்டு பஞ்சாயத்து நடந்தது.

ஐந்தாம் நாள் மழை லேசாக விட்டபோது பாவாத்தாவைக் காணவில்லை. சாப்பிடக் கூப்பிடலாம் என்று சடையப்பன் தேடிப் போனான். சேற்றில் புதைந்த டிராக்டரின் மட்கார்டு மேல் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, இந்தத் தடத்த எப்பச் சரி பண்ணுவீங்க?"

சடையப்பனுக்கு மானம் போயிற்று. நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். செய்ய வேண்டியது தெரிந்தும் மூன்று பேருக்குப் பயந்து கெடுத்ததைச் சொன்னான். தை மாதத்துக்குள் கல் கொட்டி, நடுவை உயர்த்தி, சாக்கடை வெட்டி, ரோலர் உருட்டி, கார் சத்தமில்லாமல் வாசலுக்கு வருகிற மாதிரி போட்டுத் தருவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

"போட்டீங்கன்னா நான் இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்க மாட்டனுங்க."

அவனுக்குப் புரியவில்லை. அவள் குகைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். உள்ளே ஏழாவது டைல்ஸ் பெயர்கிற சத்தம் கேட்டது.

"எங்கூட்டுக்கு வாசல் வரைக்கும் தார் ரோடுங்க. இவுங்க அத்தன பேரும் வாரத்துல அஞ்சு நாள் அங்கதான் இருப்பாங்க."

சடையப்பன் அவளைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாயில் சரியான நேரத்துக்குச் சரியான பேச்சு வந்தது.

"வெயிலுக்குக் காஞ்சுபோனா மறுபடி கிளறிக்கலாமுங்க."

அவள் இறங்கி நேராக உள்ளே போய்த் தனக்குச் சம்மதம் என்று சொன்னாள். ராக்கியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நாங்கள் எல்லாரும் எப்படி வந்து போவது என்று குதித்தார்.

"அதத்தானுங்க அப்பா, நானும் நல்லா யோசிச்சேன்."

எங்கேயும் போக வழியில்லாததால் எட்டாம் நாள் அங்கேயே தாலி கட்டினார்கள். ஒன்பதாம் நாள் பன்னிரண்டு பேரும் ராக்கியண்ணனும் இடுப்பளவு சேற்றில் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு, இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டோம் என்று திட்டிக்கொண்டே தார் ரோடு சேர்ந்தார்கள். மணமக்கள் வாசலில் நின்று கண் மறைகிற வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினார்கள்.

நீதி: வீட்டுக்கு வழி போட்டவன் வாழ்வான், அதைக் கெடுத்து வைத்தவன் நிம்மதியாக வாழ்வான்.