கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்த கறுப்பு பீர்

பான்ட்ரி, கார்க் மாவட்டம், அயர்லாந்து.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை ஃபிலோமினாவுக்கு அண்ணன் மோஸி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரர் டெஸ்மண்டும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் சௌக்கியத்தை விசாரிக்காதே. அது வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது.

உங்கள் டப்ளின் வீட்டு மாடியறை காலியாகத்தானே இருக்கிறது? எனக்கு ஒழித்து வை. ஆமாம், நான்தான் கேட்கிறேன். உன் கல்யாணத்தில் நம் கார்க் பீர் இருக்க, டப்ளின் கறுப்பு பீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பதற்காக டெஸ்மண்டோடு இத்தனை வருஷம் முகம் கொடுத்துப் பேசாத அதே மோஸிதான். இந்த ஊரில் இனி நான் தலை காட்ட முடியாது.

எல்லாம் கிரானியாவால் வந்தது. க்ரவுலி செத்ததும் அவருடைய மதுக்கடை மகள் இவள் கைக்குப் போனது. உடனே 'கறுப்பு பீர் ருசிக்கும் மாலை' என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். இருமல் மருந்து ஊற்றுகிற அளவுக்குச் சின்னச் சின்னக் கிளாஸ். முகர வேண்டுமாம், நாக்கில் புரட்ட வேண்டுமாம், பிறகு துப்பலாமாம்! பீரைத் துப்புவதற்கு வாளி வைத்திருந்தாள், தங்கச்சி. நம் அப்பா இருந்திருந்தால் அந்த வாளியை அவள் தலையில் கவிழ்த்திருப்பார். என் பக்கத்தில் ஃபின்பார், பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சிநேகிதன். "ஊறின திராட்சை வாசனை வருதுடா, அடியில கருகின ரொட்டி" என்றான். சொந்த அடுப்பில் ரொட்டி கருகினாலே தெரியாத ஆள். "எனக்குக் கசக்குது. பீர்னா கசக்கும். இதுக்கு எதுக்கு இத்தனை கூத்து?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "கண்ணைக் கட்டிவிட்டாக்கூட நம்ம கார்க் பீரை நான் கண்டுபிடிச்சிருவேன்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"கட்டிட்டாப் போச்சு மாமா" என்று கிரானியா கிளாஸ் துடைக்கிற துணியாலேயே கட்டினாள். ஒன்றில் கார்க், ஒன்றில் டப்ளின் என்று இரண்டு கிளாஸ் கொடுத்தாள். முதல் கிளாஸில் ஒரு மிடறு. "சாக்கடைத் தண்ணி! இதைத்தான் டப்ளின்காரன் பீர்னு குடிக்கிறான்" என்று வாளியில் துப்பினேன். இரண்டாவதைச் சொட்டு விடாமல் குடித்து, மீசையில் ஒட்டிய நுரையையும் நக்கி, "இதுதான்யா நம்ம ஊரு" என்றேன். துணியை அவிழ்த்தார்கள். துப்பியது கார்க். நக்கிக் குடித்தது டப்ளின். பிறகு சிரித்தார்களே ஒரு சிரிப்பு, தபால்காரர் முதல் பாதிரியார் வரை!

ஃபின்பார் மட்டும் சிரிக்கவில்லை. "கிளாஸ் மாறிப் போயிருக்கும்மா, அவன் சொன்னது சரிதான்" என்று எனக்காகப் பொய் சொன்னான். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. "உன் பிச்சை எனக்கு வேணாம், போடா" என்று எல்லார் எதிரிலும் கத்திவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை. எனக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

டெஸ்மண்டுக்கு என் மரியாதையைச் சொல். முதல் தடவை என்பதால் உட்கார வைத்துச் சொல். உங்கள் இருவரையும் ஆண்டவர் காப்பாராக.

மானம் போன அண்ணன்,
மோஸி ஹார்ட்னெட்

பி.கு.: அறையை ஒழிக்க வேண்டாம். டெஸ்மண்டுக்கு மரியாதையும் வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது ஃபின்பார் வந்து கதவைத் தட்டினான். நான் போனதும் அவனும் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தானாம். அவனும் கார்க்கைத்தான் துப்பினானாம். பாதிரியாரும் துப்பினாராம். இதை க்ரவுலி கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஃபின்பார், இரண்டு பேர் கையிலும் கார்க் பீர். கண்ணைத் திறந்துகொண்டு குடித்தால் இதுதான் உசத்தி.