மைதானம் முழுக்கக் கேட்ட பாடம்

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனே நம்மிடம் சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் கண்டுபிடித்தான் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்த காலத்தில் நடந்தது இது.

அக்காள்மடத்தில் மெயின் ரோட்டின் மேல் என் கடை. மகள் ஹரிணி அப்போது பத்தாம் வகுப்பு. நன்றாக ஓடுவாள். சாயங்காலமானால் கடற்கரை மணலில் பயிற்சி. அதே சாயங்காலத்தில்தான் டியூஷனும். ஓடிவிட்டு டியூஷனுக்குப் போனால் அங்கே தூங்கினாள். டியூஷன் முடித்து ஓடப் போனால் இருட்டிவிட்டது. என் மனைவி மல்லிகா, "இப்படி ஓடிக்கிட்டே இருந்தா எங்கன போயிச் சேரப் போறா?" என்று கேட்பாள். பி.டி. டீச்சரோ, "சார், தயவுசெஞ்சு அவ கால முடக்கிறாதீங்க" என்பார். இரண்டு பேருக்கும் நான் தலையாட்டினேன். (எனக்கு ஒழுங்காக வரும் ஒரே வேலை.)

அப்புறம்தான் என் மூளை விழித்துக்கொண்டது. பாடத்தை நானே வாசித்து போனில் பதிவு செய்வது. ஓடும்போது அவள் ஒயர் இல்லாத இயர்போனில் கேட்பது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலை செய்தது. அவள் மணலில் ஓட, நான் அவள் காதுக்குள் முதல் உலகப் போரையே நடத்தி முடித்தேன். மார்க்கும் குறையவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் இதையே சொல்லிக்கொண்டிருந்ததால், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

மாவட்டப் போட்டி ராமநாதபுரத்தில் நடந்தது. மறுநாள் சமூக அறிவியல் திருப்புதல் தேர்வு. நெடுந்தூர ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், அங்கேயே தங்கிப் படிக்கலாம், ஓடலாம் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். "அங்கனயாச்சும் ரெண்டையும் ஒழுங்காப் பாத்துக்குவாங்க" என்று மல்லிகாவுக்கும் திருப்தி. எனக்கும் ரொம்பச் சந்தோஷம். (அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

போட்டியன்று காலையில் மைதானத்தில் மைக்செட் தம்பியின் போனில் சார்ஜ் இல்லை. கொடியேற்றும்போது பாட்டுப் போட வேண்டும். விடுவேனா? "இங்கன கொண்டா தம்பி" என்று என் போனை அவருடைய ஆம்ப்ளிஃபயரோடு புளூடூத்தில் இணைத்துக் கொடுத்தேன். பாட்டு முடிந்ததும் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது இன்ஜினியர் மூளைக்கு எட்டவில்லை.

ஹரிணியின் போட்டிக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. மைக்செட் மேசைக்குப் பக்கத்து நிழலில் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தவள், "அப்பா, அந்தப் பருவக்காத்துப் பாடத்துல கடைசிப் பத்தி மட்டும் மனசுல நிக்கல. ஒருக்கா போடுங்க" என்றாள். முந்தின நாள் அவள் பயிற்சிக்குப் போயிருந்தபோது அடுப்படி வாசலில் உட்கார்ந்து நான் பதிவு செய்த பாடம். இயர்போனைக் கொடுத்துவிட்டு, பதிவைக் கடைசிப் பக்கமாக நகர்த்தி அழுத்தினேன்.

"கேக்கலப்பா."

சத்தத்தைக் கூட்டினேன்.

"இன்னும் கேக்கலப்பா."

முழுசாகக் கூட்டினேன். அதே நேரம் நாலு மூலையில் இருந்த குழாய் ஒலிபெருக்கிகளிலும் யாரோ ஒருவர் வடகிழக்குப் பருவக்காற்றைப் பற்றிக் கட்டைக் குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். பரவாயில்லையே, விளையாட்டு விழாவிலும் பாடம் நடத்துகிறார்களே என்று நினைத்தேன். (தன் குரல் தனக்கே தெரியாது என்பார்கள், மெய்தான்.) அடுத்து ஒரு பெண் குரல் வந்தது. அதைத் தெரியாமல் இருக்க முடியுமா?

"முடிஞ்சுதா? முடிஞ்சா எந்திரிச்சு வந்து இந்தப் புளியக் கரைங்க."

"நேத்து வச்ச மீன் கொழம்பு மாதிரி வச்சிராத. உப்பே இல்ல."

"ஒங்களுக்குப் பிரஷருன்னுதான் கொறச்சேன். நாக்குக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன்! மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. போனை எடுத்தால் திரை பூட்டியிருந்தது. வியர்த்த விரலை அது என் விரலென்று ஏற்றுக்கொள்ள மறுத்தது. மைக்செட் தம்பி டீ குடிக்கப் போயிருந்தார். ஒலிபெருக்கியில் நான் தொடர்ந்தேன். "அந்த பி.டி. டீச்சருக்கு என்ன? விசில ஊதிட்டு வீட்டுக்குப் போயிரும்." டீச்சர் எனக்கு எதிரே நின்றிருந்தார். வாயில் விசில்.

அத்தோடு போயிருந்தால் இது வெறும் மானக்கேடு.

"நாளைக்கு ஜெயிச்சுருவாளாங்க?" என்று மல்லிகாவின் குரல் கேட்டது. குழம்பு கொதிக்கும் சத்தம் வந்தது. பிறகு என் குரல். "தோத்துட்டா நல்லதுன்னு தோணுது மல்லிகா. ஜெயிச்சா கூட்டிட்டுப் போயிருவாங்க. கடையை அடச்சுட்டு வந்தா, வாசல்ல ஷூவ ஒதறி மணலக் கொட்ட யாரு இருக்கா?"

அப்போதுதான் போன் திறந்தது. நிறுத்தினேன். மைதானத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஹரிணி காதிலிருந்து இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"அப்பா, நெசமாவா?"

அதற்குள் அவளுடைய போட்டிக்கு அழைத்துவிட்டார்கள்.

ஓட்டம் தொடங்கியது. முதல் சுற்றுகளில் நடுவில்தான் ஓடினாள். ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தாள். என் பேச்சைக் கேட்டு இந்தப் பிள்ளை தோற்றுவிடுமோ? அவளைத் தோற்கச் சொல்ல நான் யார்? கடைசிச் சுற்றில் தடுப்புக் கயிற்றுக்கு மேலே பாதி உடம்பை நீட்டி, "ஓடு தாயி! அப்பன் சொன்னதக் கேக்காத, ஓடு!" என்று கத்தினேன். மைக் தேவைப்படவில்லை. பி.டி. டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நானும் ஓடியிருப்பேன்.

முதலாவதாக வந்தாள்.

திரும்பும்போது பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இப்பவாச்சும் அந்தக் கடைசிப் பத்தியச் சொல்லுங்கப்பா" என்றாள். மெதுவாகச் சொன்னேன். முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். வீட்டில் மல்லிகா கையில் உப்பு ஜாடியோடு நின்றாள். செய்தி எங்களுக்கு முன்பே பாலத்தைக் கடந்து வந்திருந்தது.

பரீட்சை முடிந்து ஹரிணி விடுதிக்குப் போய்விட்டாள். இப்போது வாசலில் மணல் இல்லை. மல்லிகா பழக்கத்தில் சாயங்காலமும் பெருக்குகிறாள். கடையை அடைத்துவிட்டு வரும்போது நானும் குனிந்து பார்க்கிறேன். எத்தனை நாளாகியும் அந்த ஏக்கம் குறையவில்லை.

ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் அவளிடமிருந்து போன் வரும். "அப்பா, இன்னைக்கி ஜெயிக்கவா, தோத்துட்டு வீட்டுக்கு வரவா?" பின்னால் அவளுடைய சிநேகிதிகள் சிரிக்கும் சத்தம் கேட்கும். "ஜெயிச்சுரு தாயி" என்பேன். போனை வைத்ததும், இணைப்பு அறுந்துவிட்டதா, புளூடூத் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் அவளிடம் சொல்லாத அந்த இன்னொரு பதிலை மல்லிகாவிடம் வாய்விட்டுச் சொல்வேன்.