பந்தி மாமா உட்கார்ந்த மதியம்

பந்தி மாமா உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்த மனிதர் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. அங்கே கல்யாணமோ கருமாதியோ, இலை விழுந்த கணமே அவர் கையில் வாளி முளைத்துவிடும். கடைசி ஆள் எழுந்து கை கழுவும்வரை ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். அப்புறம் அண்டா ஓரமாக நின்றபடியே எதையோ உருட்டிப் போட்டுக்கொள்வார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

ஒருமுறை கோயில் அன்னதானத்தில் புயல்மழை அடித்துப் பந்தல் பறந்தது. சனம் பதறி எழுந்தது.

“யாரும் எந்திரிக்கக் கூடாது லா! ரசம் இன்னும் வரல!”

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ரசத்தில் மழை கலந்து அளவு கூடியதுதான் மிச்சம். அவசரமாகக் கிளம்பப் பார்த்த சட்டமன்ற உறுப்பினரையே, “மோர் இருக்கு ஒய்.பி., உட்காருங்க” என்று தோளில் அழுத்தி உட்காரவைத்தவர் அவர்.

அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு மாமாதான் முன்னால் நிற்பார். அதனால் தர்ஷினியின் அப்பாவைச் சம்பந்தம் பேசச் சந்தித்தபோது அம்மாவோடு அவரையும் அழைத்துப் போனேன். தர்ஷினி செனாவாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவள். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அவர்களோ யாழ்ப்பாண வழி, கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே பேனா பிடித்த குடும்பம். அவள் அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரிப்பைக்கூட பிக்ஸட் டெபாசிட்டில் போட்டு வைத்திருந்தார்.

மரியாதையாக இருக்கட்டும் என்று கோலாலம்பூரில் எல்லாரும் படம் எடுத்துப் போடும் உணவகத்தில் இடம் பிடித்தேன். அண்டா மூடி அளவுக்குத் தட்டு, அதன் நடுவில் பொட்டு அளவுக்குச் சாப்பாடு.

மாமா உள்ளே நுழைந்து ஒரு பார்வை பார்த்தார். “பந்தி பெருசா இருக்கே!” என்றார். அவ்வளவுதான். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“உட்காருங்க மாமா.”

“நீங்க சாப்புடுங்க. அந்த மேசைப் புள்ளங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரல.”

அடுத்த நிமிடம் சமையலறை வாசலில் நின்றார். தட்டோடு வந்த பையனிடம், “அடிக், மேஜா சானா டூலு!” என்று மலாயில் கடைசி மேசையை முதலில் கவனிக்கச் சொன்னார். அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண் காத்திருந்தாள். பையன் அவரை முதலாளியின் அப்பா என்று நினைத்திருக்க வேண்டும். “ஓகே பாஸ்” என்று திரும்பி ஓடினான். யாரோ தண்ணீர் கேட்டார்கள். மாமா கொண்டுபோய் ஊற்றினார். கடை முழுக்க அவர் கண்ணசைவில் சுழல ஆரம்பித்தது. சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தர்ஷினியின் அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“தம்பி, உங்கட மாமா ஏன் சாப்பிடேல்லை? சம்பந்தம் பேச வந்த இடத்தில கை நனைக்காட்டி அதுக்கு என்ன அர்த்தம் எண்டு எங்களுக்கும் தெரியும்.”

மேசைக்கடியில் தர்ஷினி என் காலை நசுக்கினாள். எழுந்து ஓடினேன்.

“மாமா, நீங்க சாப்புடலன்னா எனக்குப் பொண்ணு இல்ல!”

“சாப்புடறேன்டா. பந்தி முடியட்டும்.”

“இது ரெஸ்டாரண்ட் மாமா! ராத்திரி வரைக்கும் ஆளு வந்துக்கிட்டே இருக்கும்!”

மாமா வாசலைப் பார்த்தார். பேரன் பேத்தியோடு ஒரு பெருங்குடும்பம் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. புயலுக்கு அசையாத முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

“முடியவே முடியாதா?” குரல் இறங்கிவிட்டது. “அப்ப பரிமாறுற இந்தப் பையன்லாம் எப்பத்தான்டா சாப்புடுவானுங்க?”

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தர்ஷினியின் அப்பா. என் பின்னாலேயே எழுந்து வந்தவர், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“ஐயா, எங்கட மேசைப் பந்தி முடிஞ்சுது. இனிப் பரிமாறின ஆளுக்குத்தான் பந்தி. வாங்கோ.”

கையைப் பிடித்து அழைத்துவந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, தன் கையாலேயே மீனை எடுத்து மாமா தட்டில் வைத்தார். மாமா ஊசி போட்டுக்கொள்ள வந்தவர் மாதிரி விளிம்பில் உட்கார்ந்தார். மீன்மேல் அலங்காரத்துக்கு விட்ட சாறு வெள்ளையாக நுரைத்து நின்றது. குனிந்து பார்த்தார்.

“பாவம், அவசரத்துல சோப்பு நுரையோட கொண்டாந்துட்டானுங்க. பரவால்ல, திட்டாதீங்க.”

துடைத்துவிட்டுச் சாப்பிட்டார். அந்த நொடியில் என் மாமனாரின் பிக்ஸட் டெபாசிட் முதிர்ந்தது. கடையே திரும்பிப் பார்க்கும்படி வட்டியும் முதலுமாகச் சிரித்தார்.

என் கல்யாணத்தில் சோற்று வாளி மாமாவிடம், சாம்பார் வாளி மாமனாரிடம். கடைசியில் இரண்டு இலை போட்டு, அவர்கள் இருவருக்கும் நானும் தர்ஷினியும் மாலையோடு பரிமாறினோம்.

இப்போதும் வெளியில் சாப்பிடப் போனால், பக்கத்து மேசைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.